நூதனசாலைகள் நடத்தும் இணையவழிக் கலை வரலாற்றுப் பாடநெறிகள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திர பாடம் படிக்கும் பிள்ளைகள், படிப்பிக்கும் ஆசிரியர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே ஏதாவது படிக்க ஆசைப்படுகிறவர்கள் என்று பலர் கேட்ட கேள்விகள் இவை. ஒரே கேள்வியை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருந்தால் ஒன்றாக்கியிருக்கிறேன்.

நூதனசாலை நடத்தும் பாடநெறி என்றால் என்ன? பல்கலைக்கழகப் பாடநெறிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பெரிய நூதனசாலைகள் தங்களிடம் இருக்கும் ஓவியம், சிற்பம், புகைப்படம், துணி, பாத்திரம் இவற்றை வைத்து இணையத்தில் நடத்தும் குறுகிய பாடங்கள்தான். நாலைந்து கிழமையில் முடிந்துவிடும். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால் காணும். சின்னச் சின்ன வீடியோக்கள், வாசிக்கக் கொஞ்சம், ஒவ்வொரு பகுதி முடிவிலும் ஒரு சிறு வினாத்தாள், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் காலவரிசைப்படி எகிப்து, கிரேக்கம், ரோமாபுரி என்று போவார்கள். நூதனசாலைக்காரர் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. ஒரு பொருளை முன்னால் வைத்து, இதை யார் செய்தார், எதனால் செய்தார், ஏன் செய்தார், இங்கே எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போவார்கள். எனக்கு இந்த முறை பிடிக்கும். முதன்முதலாகப் படிக்க வருகிறவருக்கு ஆண்டுகளை விடப் பொருள்தான் மனதில் நிற்கிறது.

எனக்குக் கலையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. எதிலிருந்து தொடங்குவது?

நியூயோர்க்கில் இருக்கும் நவீன கலை நூதனசாலை, எல்லாரும் சுருக்கமாக மோமா என்று சொல்வார்களே, அது கோர்ஸெரா என்ற இணையப் படிப்புத் தளத்தில் நடத்தும் ‘மொடர்ன் ஆர்ட் அன்ட் ஐடியாஸ்’ என்ற பாடநெறி. முன்னறிவு எதுவும் தேவையில்லை. நாலு தலைப்புகளில் போகும்: இடமும் வெளியும், கலையும் அடையாளமும், அன்றாடப் பொருட்களை உருமாற்றுவது, கலையும் சமூகமும். இந்த மூன்றாவது தலைப்பில்தான் பலர் தடுக்கி நிற்பார்கள். 1936இல் மெரெட் ஒப்பன்ஹைம் என்ற பெண் கலைஞர் ஒரு தேநீர்க் கோப்பை, தட்டு, கரண்டி மூன்றையும் விலங்கின் மென்மயிர்த் தோலால் மூடிவிட்டார். அதைப் பார்த்து ‘இதுவும் கலையா?’ என்று கோபம் வந்தால் நல்லது, அந்தக் கோபத்தோடேயே தொடர்ந்து படியுங்கள். கோப்பையை வாயில் வைப்பதாக ஒரு தடவை நினைத்துப் பாருங்கள், உதட்டில் மயிர் படும், உடம்பு கூசும். நாளாந்தம் கையில் எடுக்கும் ஒரு பொருளைப் பற்றி உடம்புக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கவனிக்கிறோம்.

அதே நூதனசாலையின் ‘சீயிங் த்ரூ போட்டோகிராப்ஸ்’ புகைப்படம் பற்றியது. போனில் படம் எடுக்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.

இதெல்லாம் இலவசமா?

சிலது முழுக்க இலவசம், சிலது பாதி, சிலது காசு. கோர்ஸெராவில் இருக்கும் பாடநெறிகளில் இலவசமாக எவ்வளவு பார்க்கலாம் என்பது பாடநெறிக்குப் பாடநெறி வேறுபடும், விதிகளும் அடிக்கடி மாறும். ஆகவே சேர முதல் அந்தப் பக்கத்தை ஆறுதலாக வாசியுங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். இன்னொன்று: ‘ஏழு நாள் இலவசம்’ என்று போட்டுவிட்டு கார்ட் இலக்கம் கேட்கும் இடங்களில், எட்டாம் நாள் தானாகவே காசு வெட்டுப்படும். தேதியை போனில் அலாரம் வைத்து முன்னமே நிறுத்திவிடுங்கள். வீட்டில் அப்பாவின் கார்ட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் இதை அவரிடம் முதலே சொல்லிவிடுவது மரியாதை.

முழுக்க இலவசமானவற்றில் ஸ்மார்ட்ஹிஸ்டரியை முதலில் சொல்ல வேண்டும். அது நூதனசாலை அல்ல. பெத் ஹரிஸ், ஸ்டீவன் சுக்கர் என்ற இரண்டு கலை வரலாற்றாசிரியர்கள் 2005இல் தொடங்கியது. ஆனால் நூதனசாலைக்குள் அந்தப் பொருளுக்கு முன்னால் நின்று இருவர் கதைப்பது போலத்தான் வீடியோக்கள் போகும். ஒருவர் ஒன்று சொல்வார், மற்றவர் ‘அது சரி, ஆனால் அந்தக் கையைப் பாருங்கள்’ என்பார். பெயர் பதியத் தேவையில்லை, கார்ட் தேவையில்லை.

நிதியுதவி கேட்டால் உண்மையிலேயே தருவார்களா? எப்படிக் கேட்பது?

தருவார்கள். கோர்ஸெராவில் பாடநெறிப் பக்கத்திலேயே நிதியுதவிக்கான இணைப்பு இருக்கும். ஏன் தேவை, இந்தப் படிப்பு உங்களுக்கு எதற்கு உதவும் என்று எழுதச் சொல்வார்கள். பதில் வர இரண்டு கிழமை வரை செல்லும். பாடநெறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

எழுதும்போது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘நான் கல்முனைக்குக் கிட்ட ஒரு ஊரில் உயர்தரம் படிக்கிறேன், வீட்டு வருமானம் இவ்வளவு, எங்கள் பாடசாலையில் கலை வரலாற்றுக்குத் தனிப் புத்தகம் இல்லை, இதைப் படித்தால் இன்ன பகுதி விளங்கும்’ என்று எழுதினாலே காணும். அடுத்தவர் எழுதியதைப் பார்த்து அப்படியே கொப்பி பண்ணாதீர்கள்.

என்னிடம் போன் மட்டும்தான். டேட்டாவும் கொஞ்சம்தான். முடியுமா?

முடியும். வீடியோவை 360 தரத்தில் வைத்தால் மணித்தியாலத்துக்கு சுமார் 300 மெகாபைட் போகும். தரத்தைக் கூட்டினால் மூன்று நாலு மடங்கு இழுக்கும். கோர்ஸெரா செயலியில் வீடியோவைத் தரவிறக்கி வைத்துப் பிறகு பார்க்கலாம். இரவு டேட்டா பொதி போட்டிருக்கிறவர்கள் இரவில் இறக்கி வைத்துவிட்டுப் பகலில் பாருங்கள்.

ஆனால் ஒரு விடயம். பேசுகிறவரின் முகம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை, ஓவியம் மங்கலாகத் தெரிந்தால் படித்துப் பயனில்லை. அதனால் வீடியோவைக் குறைந்த தரத்தில் ஓடவிட்டு, அதில் வரும் ஓவியத்தை மட்டும் அந்த நூதனசாலையின் தளத்தில் பெரிதாகத் திறந்து பாருங்கள். டேட்டாவை அங்கே செலவழிப்பதுதான் கெட்டித்தனம்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. தமிழில் இருக்கிறதா?

இந்தப் பெரிய நூதனசாலைகளின் பாடநெறிகள் ஆங்கிலத்தில்தான். அதற்காக விட்டுவிடாதீர்கள். கோர்ஸெராவில் வீடியோவுக்குக் கீழே பேச்சு முழுவதும் எழுத்தில் இருக்கும். முதலில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள், பிறகு எழுத்தை வாசியுங்கள், பிறகு சத்தத்தோடு ஒருமுறை கேளுங்கள். ஒரே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும், இரண்டாம் கிழமையில் பழகிவிடும். குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுத முடிந்தால்தான் விளங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆங்கில வசனத்தைப் பார்த்து எழுதுவது கைக்கு வேலை, மூளைக்கு அல்ல.

சான்றிதழுக்கு இங்கே மதிப்பு இருக்கிறதா?

பல்கலைக்கழக அனுமதிக்கு உதவாது. அது உயர்தரப் பெறுபேறும் இசட் புள்ளியும்தான், கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற இடங்களுக்கு அதோடு அவர்கள் கேட்கும் தகுதிகாண் பரீட்சையும். அரச வேலைக்கும் தனியாக இதை வைத்து எதுவும் நடக்காது. சுயவிபரக்கோவையில் ஒரு வரி, அவ்வளவுதான். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள், ஆசிரியர்கள், சுற்றுலா வழிகாட்டிகள், டிசைன் வேலை செய்கிறவர்கள் இவர்களுக்கு அந்த வரி கொஞ்சம் உதவும்.

‘ஓவியத்தைப் பாருங்கள்’ என்கிறார்கள். பார்த்தாச்சு. பிறகு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்தப் பாடநெறிகள் தருவதில் பெரிய விடயம் இதுதான்.

வன் கோ வரைந்த ‘விண்மீன் இரவு’ ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரீ-சேர்ட்டில், கொப்பி மட்டையில், போன் உறையில் எல்லாம் பார்த்திருப்பீர்கள். 1889 ஜூனில் பிரான்சின் சென் ரெமி என்ற ஊரில், மனநோய் மருத்துவமனையில் இருந்தபோது வரைந்தது. மோமாவில் 1941 முதல் இருக்கிறது. இப்போது கண்ணால் மெதுவாக நடந்து பாருங்கள். இடது பக்கம் கரும் பச்சையில் ஒரு மரம் கீழிருந்து உச்சி வரை எழும்பி நிற்கிறது, சைப்பிரஸ் மரம், அங்கே மயானங்களில் நடும் மரம். அது வானத்தையும் நிலத்தையும் தொடும் ஒரே பொருள் போலத் தெரியும். ஆனால் கொஞ்சம் வலப்பக்கம் தேவாலயத்தின் கூர்முனையைப் பாருங்கள், அதுவும் அடிவானத்தைத் தாண்டி வானுக்குள் குத்துகிறது. மரம் பெரிதாக, கோபுரம் சின்னதாக, இரண்டும் ஒரே திசையில். பிறகு தூரிகை போன போக்கு: வானத்தில் சுழல்கிறது, மலையில் அலையாகப் போகிறது, ஊருக்குள் வந்ததும் குறுகலாக நேர்கோடாகி அடங்கிவிடுகிறது. நித்திரையில் இருக்கும் ஊருக்கு மேல் நித்திரை இல்லாத வானம். இன்னுமொன்று, அந்த ஊர் அவருடைய ஜன்னலிலிருந்து அப்படித் தெரியவில்லை, மனதிலிருந்து சேர்த்தார். அந்தக் கோபுரம் அவர் பிறந்த ஒல்லாந்து நாட்டுத் தேவாலயங்களின் சாயலில் இருக்கிறது என்று சொல்வார்கள்.

இதில் ஆண்டு, இடம், மயானத்து மரம் என்பதும் கடைசி இரண்டு வசனமும்தான் வெளியிலிருந்து வந்த தகவல். மற்றதெல்லாம் கண் இருந்தால் காணும். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: வீடியோவைத் தொடங்க முதல் படத்தை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்து, கண்டதை எழுதுங்கள். அழகு, அற்புதம் என்று எழுத வேண்டாம். எங்கே என்ன இருக்கிறது, என்ன நிறம், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எது பெரிது, யார் யாரைப் பார்க்கிறார், இதை எழுதுங்கள். பிறகு வீடியோவைப் பாருங்கள்.

கிட்டப் போய்ப் பார்க்க ஆசை என்றால் அம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ்மியூசியம் தளத்துக்குப் போங்கள். ரெம்பிராண்ட் 1642இல் முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 2022இல் 717 ஜிகாபிக்சல் அளவில் படமாக்கி வெளியிட்டார்கள். நேரில் போனாலும் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க விடுவார்கள். போனில் பெரிதாக்கிக்கொண்டே போனால் சாயத்தில் விழுந்த வெடிப்புகள் வரை தெரியும். ஒரு கழுத்து லேஸை அவர் எத்தனை தொடுகையில் முடித்திருக்கிறார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கிட்டப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தீற்றல், தூரப் போனால் லேஸ்.

ஏன் எல்லாமே ஐரோப்பாவும் அமெரிக்காவுமாக இருக்கிறது? நம்மைப் பற்றி ஒன்றும் இல்லையே?

சரியான கேள்வி. ஒரு நூதனசாலை தன்னிடம் இருப்பதைத்தான் படிப்பிக்கும். மோமா 1929இல் தொடங்கியது, அதன் சேகரிப்பு பெரும்பாலும் பாரிஸில் தொடங்கி நியூயோர்க்கில் முடியும் ஒரு கதை. அந்தக் கதையை நவீன கலையின் முழுக் கதை என்று எடுத்துக்கொண்டால் கொழும்பில் 1943இல் ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, லயனல் வென்ட், ஐவன் பீரிஸ் போன்ற கலைஞர்கள் சேர்ந்த 43 குழு என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போய்விடும். பிக்காசோவைப் பார்த்துவிட்டு கீற்றைப் பாருங்கள், கோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிந்து நம் பக்கத்துச் சிற்பங்களின் உடல் வளைவுக்குப் போகிறது என்று தெரியும். பாடநெறியில் அது வராது, நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். படிக்கும்போது கூடவே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பொருள் இந்தக் கட்டடத்துக்குள் எப்படி வந்தது?

இந்தக் கேள்வி நம்மைத் தொடும் இடம் ஒன்று உண்டு. இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் ஒரு தாரா தேவி சிலை நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டு, வெண்கல வார்ப்பு, தங்கப் பூச்சு, உயரம் 143 சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உயரம். எங்கே கிடைத்தது என்று அவர்களுடைய பதிவில் பாருங்கள்: திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே, கிழக்குக் கரையோரம். ஆளுநராக இருந்த ரொபர்ட் பிரவுன்றிக் கொண்டுபோய் 1830இல் நூதனசாலைக்குக் கொடுத்தார். 2010இல் பிபிசியும் அந்த நூதனசாலையும் சேர்ந்து உலக வரலாற்றை நூறு பொருட்களில் சொன்னபோது 54ஆவது பொருளாக எடுத்தது இந்தச் சிலையைத்தான்.

படத்தைத் திறந்து பாருங்கள். வலது கை கீழே இறங்கி உள்ளங்கை நம் பக்கம் திரும்பியிருக்கிறது, வரதம், கொடுக்கும் கை. இடது கையின் விரல்கள் எதையோ பிடித்திருந்தது போல மடிந்திருக்கின்றன, தாமரையாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். மேலுடம்பு திறந்தபடி, இடுப்புக்குக் கீழே துணி உடம்போடு ஒட்டிக் கால் வரை வழிகிறது. இடுப்பு ஒரு பக்கம் மெல்லச் சாய்ந்திருப்பதால் அவ்வளவு பாரமான வெண்கலம் பாரமாகவே தெரிவதில்லை. இது மகாயான பௌத்தத் தெய்வம். இன்று பௌத்தத்தில் தேரவாதப் பிரிவு மட்டுமே தெரிகிற ஒரு தீவில், நம் கரையோரத்தில், ஒரு காலம் மகாயானமும் இருந்தது என்பதற்கு இந்தச் சிலை சாட்சி. இதை முன்பு பத்தினித் தெய்வம், அதாவது கண்ணகி என்றும் அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு பார்த்து வளர்ந்த நமக்கு, அப்படி ஏன் நினைத்தார்கள் என்று யோசித்துப் பார்ப்பதே ஒரு பாடம்.

இந்தச் சிலையைப் பற்றி வகுப்பில் கதைக்கும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவரை கலை வரலாறு என்றால் வேறு யாருடையதோ என்றுதான் இருப்பார்கள்.

அப்படி எடுத்துப்போன பொருட்களைத் திருப்பித் தருகிறார்களா? பாடநெறிகளில் அதைப் பற்றிச் சொல்கிறார்களா?

சில திரும்பி வந்திருக்கின்றன. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைத் தாக்கியபோது எடுத்துப்போனவற்றில் ஒரு பீரங்கி, தங்க வாள், வெள்ளி வாள், கத்தி, இரண்டு துப்பாக்கி என்று ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பித் தந்தது. அவை ரைக்ஸ்மியூசியத்தில் இருந்தவை. தாரா சிலை இன்னும் இலண்டனில்தான். பாடநெறிகளில் இதைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பார்கள், ஆனால் தங்கள் வீட்டு விடயத்தை யாரும் முழுதாகக் கதைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு பொருளின் பதிவிலும் ‘எப்படிப் பெறப்பட்டது’ என்ற பகுதியைத் தேடி வாசிக்கப் பழகுங்கள். ‘அன்பளிப்பு’ என்று இருந்தால், கொடுத்தவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ரைக்ஸ்மியூசியத்தில் இலங்கை பற்றி வேறும் நிறைய உண்டு. யான் பிரண்டஸ் என்ற ஒல்லாந்த மதகுரு 1785, 86இல் இங்கு வந்து போனபோது வரைந்த படங்கள் அங்கே இருக்கின்றன, தளத்திலேயே பெரிதாகப் பார்க்கலாம்.

தெற்காசியக் கலைக்கு நல்ல பாடநெறி எது?

பெங்களூரில் கலை, புகைப்பட நூதனசாலை என்று ஒன்று 2023இல் திறந்தது. அதோடு சேர்ந்த மேப் அகாடமி இணையத்தில் இலவசப் பாடநெறிகள் வைத்திருக்கிறது, இந்திய நவீன கலை பற்றி ஒன்று, துணிகள் பற்றி ஒன்று. கலைக்களஞ்சியமும் இருக்கிறது, சின்னக் கட்டுரைகள், எளிமையான ஆங்கிலம். மருதமுனைக் கைத்தறிக் குடும்பங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் அந்தத் துணிப் பாடநெறியைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாவு, ஊடை, சாயம் எல்லாம் வீட்டில் பார்த்தவர்கள் நீங்கள், மற்றவர்கள் படத்தில் பார்த்துப் படிப்பதை உங்கள் கை ஏற்கனவே அறிந்து வைத்திருக்கிறது. மோமாவின் ‘பேஷன் அஸ் டிசைன்’ பாடநெறியும் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பொருந்தும். 2017இல் அங்கு நடந்த உடைகள் பற்றிய கண்காட்சியிலிருந்து பிறந்தது அது. அந்தக் கண்காட்சியில் சேலையும் இருந்தது, ஹிஜாபும் இருந்தது.

வாசிப்பதற்கு ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர், 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலை எழுதினார், 1917 முதல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் இந்தியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். அமெரிக்காவில் இந்தியக் கலையை ஒரு நூதனசாலைக்குள் ஒழுங்காக உட்கார வைத்தவர் ஒரு இலங்கைத் தமிழ்த் தந்தையின் மகன் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவருடைய எழுத்தில் எனக்கு எல்லாம் உடன்பாடு இல்லை, பழையதை மிகவும் உயர்த்திப் பிடிப்பார், என்றாலும் பார்க்கக் கற்றுத் தருவார்.

தமிழில் வேண்டுமென்றால் நூலகம் எண்ணிம நூலகத்தில் தேடுங்கள், 2005 முதல் இயங்குகிறது, கூத்து, கோயிற்கலை, ஈழத்து ஓவியம் பற்றிய பழைய சஞ்சிகைகளும் சிறப்பு மலர்களும் கிடைக்கும். கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இயங்குகிறது. கொழும்புக்குப் போகிறவர்கள் ஒரு நடை போய் வாருங்கள்.

நேரலை வகுப்புகளில் சேரலாமா?

சேரலாம், நித்திரையைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இலண்டனில் மாலை ஆறரை என்றால் இங்கே குளிர்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டு, கோடையில் பதினொன்று. நியூயோர்க் மாலை ஆறு, கோடையில் நமக்கு அதிகாலை மூன்றரை. விக்டோரியா அன்ட் அல்பர்ட், இலண்டன் தேசிய கலைக்கூடம் போன்றவை நடத்தும் நேரலைத் தொடர்கள் கட்டணத்துக்குத்தான், நம் காசுக்கு மாற்றினால் கூடுதலாகத்தான் வரும். பதிவைப் பிறகு பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். என்னைக் கேட்டால், முதலில் இலவசமானவற்றை முடியுங்கள்.

உயர்தரத்துக்குச் சித்திரம் எடுக்கும் பிள்ளைகளுக்கு உதவுமா, நேரம் வீணா?

பாடத்திட்டத்தோடு நேரடியாக ஒத்துப்போகாது. பரீட்சைக்குக் கிட்ட இருக்கிறவர்கள் இதில் சேர வேண்டாம், கடந்தகால வினாத்தாளைச் செய்யுங்கள். ஒரு வருடமாவது இருக்கிறவர்களுக்கு உதவும், அதுவும் ஐரோப்பிய மறுமலர்ச்சி, கொதிக் கட்டடக்கலை போன்ற பகுதிகளுக்கு ஸ்மார்ட்ஹிஸ்டரி வீடியோக்கள் நல்லது. ரியூசனில் ‘மைக்கலாஞ்சலோவின் தாவீது, சலவைக்கல், புளோரன்ஸ்’ என்று பாடமாக்கியிருப்பீர்கள். வீடியோவில் அந்த வலது கை உடம்பின் அளவுக்கு மிஞ்சிப் பெரிதாக இருப்பதை, கழுத்து நரம்பு புடைத்திருப்பதை, கல் எறிய முதல் இருக்கும் அந்தக் கணத்தைக் கண்டுவிட்டால் பிறகு பாடமாக்கத் தேவையில்லை. விடையில் எழுதக் கையிலேயே விடயம் வரும்.

நிர்வாண உருவங்கள் வருகின்றன. பிள்ளைகளுக்குக் காட்டலாமா? வீட்டில் ஏசுகிறார்கள்.

இதை ஒளித்து வைக்காமல் கதைக்க வேண்டும். ஐரோப்பியக் கலை வரலாற்றில் நிர்வாண உடம்பு இல்லாத பாடநெறி இல்லை. பெற்றோரின் கவலையும் நியாயமானது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் முதலில் முழுதாகப் பார்த்துவிட்டு எதைக் காட்டுவது என்று தெரிவு செய்யலாம், நிலக்காட்சி, கட்டடம், எழுத்தணி, துணி, பாத்திரம் என்று எவ்வளவோ இருக்கிறது. இஸ்லாமிய எழுத்தணிக்கும் ஓடு வேலைப்பாட்டுக்கும் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையின் தளம் ஒரு கடல். பெரிய பிள்ளைகளுக்கு அந்த உடம்பு ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று விளங்கப்படுத்தலாம். தாரா சிலையையே பிரித்தானிய நூதனசாலை நெடுங்காலம் பொதுமக்களுக்குக் காட்டாமல் ஆராய்ச்சியாளருக்கு மட்டும் காட்டியது. வணங்குவதற்காகச் செய்த உருவத்தை அவர்கள் வேறு கண்ணால் பார்த்தார்கள். இதைச் சொன்னால் வீட்டில் பெரியவர்களும் காது கொடுப்பார்கள்.

படங்களை இறக்கி வகுப்பில் பாவிக்கலாமா? அச்சடிக்கலாமா?

மெட்ரோபொலிட்டன் நூதனசாலை 2017 முதல் தன்னிடமுள்ள பதிப்புரிமை முடிந்த படங்களை யாரும் எதற்கும் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டது, லட்சக்கணக்கில் இருக்கிறது. ரைக்ஸ்மியூசியமும் அப்படியே. பிக்காசோ போன்றவர்களின் படங்களுக்கு இன்னும் பதிப்புரிமை உண்டு, அவர் இறந்தது 1973இல்தான். வகுப்பில் திரையில் காட்டுவது வேறு, ரீ-சேர்ட்டில் அடித்து விற்பது வேறு.

தனியாகப் படித்தால் இரண்டாம் கிழமையோடு நின்றுவிடுகிறது. என்ன செய்ய?

மூன்று நாலு பேர் சேர்ந்து படியுங்கள். வட்ஸ்அப் குழு காணாது, அதில் ‘குட் மோர்னிங்’ படம்தான் வந்து நிறையும். கிழமைக்கு ஒரு நாள் நேரில் சந்தியுங்கள், நூலகத்தில், பாடசாலைச் சித்திர அறையில், யாராவது வீட்டு விறாந்தையில். ஒருவர் ஒரு படத்தைக் கொண்டு வந்து, பெயரைச் சொல்லாமல் வைக்க வேண்டும். மற்றவர்கள் கண்டதைச் சொல்ல வேண்டும். பிறகுதான் பெயரும் ஆண்டும். ஒருவர் கண்டது மற்றவருக்குத் தெரிந்திருக்காது. அதற்காகவே அடுத்த கிழமையும் வருவீர்கள். ஆசிரியர்கள் இதை வகுப்பிலும் செய்யலாம், மோமாவின் ஆசிரியர்களுக்கான பாடநெறி இப்படிக் கேள்வி கேட்டுப் படிப்பிக்கும் முறையைத்தான் சொல்லித் தருகிறது.

படித்ததை இங்கே எதில் பிரயோகிப்பது? எங்கள் ஊரில் பெரிய நூதனசாலை இல்லையே.

மட்டக்களப்புக் கோட்டையில் தொடங்குங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், நாலு மூலையிலும் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. உள்ளே போய் சுவரின் தடிப்பைப் பாருங்கள், கொத்தளத்தில் நின்று எந்தத் திசை எல்லாம் தெரிகிறது, எது மறைகிறது என்று பாருங்கள், யாருக்குப் பயந்து கட்டினார்கள் என்று கட்டடமே சொல்லும். காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. அம்பாறைப் பக்கம் பழைய பௌத்த இடங்களான தீகவாபியும் இராஜகலையும் இருக்கின்றன. கூத்து களரியேறும் இரவில் வடமோடி உடுப்பையும் தென்மோடி உடுப்பையும் பக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள், முடியின் வடிவம், கண்ணாடி பதித்த விதம், வெளிச்சம் பட்டால் எது முன்னால் வருகிறது என்று. தேரின் மரச்சிற்பத்தில் ஒரு பலகையை மட்டும் எடுத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். கூத்து பழக்கும் அண்ணாவியாரிடமும் தேர் செதுக்கும் ஆசாரியாரிடமும் போய்க் கேளுங்கள், என்ன மரம், எந்த உளி, யாரிடம் பழகினீர்கள் என்று. அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், படமும் எடுத்து வையுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.